நைனாவுக்குச் சொல்லிக் கொடுத்தது

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிரம்புவதற்குள் பல் தேய்த்து முடிப்பேன். கதவில் தொங்கும் பையில் பால் பாக்கெட் இருக்கும். அரை லிட்டர். பாதியைக் காய்ச்சிக் காபி போடுவேன். மீதி ஃப்ரிட்ஜில் கிடக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை சேர்ந்ததைக் கொட்டுவேன். கால் லிட்டர் பாக்கெட்டும் உண்டு. மாற்றச் சொல்லவில்லை. சட்டைக்கு இஸ்திரி போடுவேன். பஸ் ஸ்டாண்ட் அருகே இட்லி சாப்பிடுவேன். அரக்கோணம் போகும் பஸ்ஸில் ஏறுவேன். வழியில் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரியும் பஸ்ஸும் கிடையாது. மற்றது அதேதான்.

அந்த ஞாயிறு கிருத்திகை. விடிந்ததிலிருந்தே தெருவில் ஆந்திரா வண்டிகள் நின்றன. பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது மொட்டைத் தலைகளோடு ஒரு குடும்பம் வாசற்படியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனார்கள். பரவாயில்லை, சாப்பிடுங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

பத்து மணிக்கு மேல் மாமியாரும் மைத்துனனும் வந்தார்கள். மாமியார் பெயர் வள்ளிநாயகி, நான் அத்தை என்பேன். மைத்துனன் குமரவேல், என் மனைவி தீபாவுக்குத் தம்பி. அம்மையார்குப்பத்தில் வீட்டை ஒட்டி பவர்லூம் ஓட்டுகிறான். முதல் பஸ்ஸில் வந்து, மலை ஏறிச் சாமி பார்த்துவிட்டு இறங்கியிருந்தார்கள். குமரவேலும் மொட்டை. சந்தனம் காய்ந்து காதோரம் உதிர்ந்துகொண்டிருந்தது. தறிச் சத்தத்தில் பேசிப் பழகியவன், வீட்டுக்குள்ளும் கத்தித்தான் பேசுவான்.

உட்கார்ந்ததும் போனை எடுத்து என்னிடம் நீட்டினான்.

“பாவா, இத பாருங்க. ஓகேன்னு சொன்னா பிரஸ்காரன் இன்னிக்கே மிஷின்ல போட்டுருவான்.”

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர். வரும் ஐப்பசியில் தீபா இறந்து ஒரு வருடம். எங்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அவள் தோளருகில் என் மாலையின் ஓரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ரோஜாப்பூ. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: ‘முருகா என்றழைத்து முருகன் திருவடி சேர்ந்த எங்கள் குலவிளக்கு.’

தேதி சரியா, இனிஷியல் சரியா என்று கேட்டான். இரண்டும் சரி. அந்த வரியைப் பற்றி அவன் கேட்கவில்லை. அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தபோது பெண்கள் நடுவில் அந்தப் பேச்சு கிளம்பியது. தீபா முருகா என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாளாம். அவள் பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குள் அது நடந்ததாகவே ஆகிவிட்டது. அந்தப் பேரைச் சொல்லிப் போனவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று வந்தவர்கள் அத்தையின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் சொன்னது வேறு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எங்கள் கல்யாண வாழ்க்கை மொத்தமும் அந்த ஒரு வார்த்தையாகிவிடும் போலிருந்தது. சொல்லாமல் இருந்தபோதும் எனக்குள் அப்படித்தான் ஆகியிருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஓகே என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குமரவேல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்லுங்கள் என்று போனைப் பையில் வைத்துக்கொண்டான்.

அத்தை கொண்டுவந்த பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். உள்ளே கட்டம் போட்ட சின்னச் சட்டை, நீலக் கால்சட்டை. மடிப்புக் கலையாமல் என் முன்னால் மேஜையில் வைத்தாள்.

“அளவு சரியா இருக்குமான்னு தெரியல மாப்பிள்ள. எட்டு வயசுன்னு நெனச்சி எடுத்தேன்.”

யாருக்கு என்று கேட்டேன்.

“நைனாவுக்குத்தான். வருஷம் வருதே, அவ பேர்ல அந்தப் புள்ளைக்கு ஒரு துணி எடுத்துக் குடுக்கலாம்னு. எந்த வூடுங்க அது? பக்கத்துலயா?”

எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அத்தை தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனாள். சாயங்காலம் எப்போது போன் செய்தாலும் தீபா நைனாவோடுதான் இருப்பாளாம். இரும்மா, நைனா யோசிக்கிறான் என்பாளாம். நைனா இன்னிக்கு ராணியைப் பறிகொடுத்துட்டான் என்பாளாம்.

“அழுவலியாடின்னு கேட்டேன். அதெல்லாம் அழமாட்டாம்மா, தோத்தாலும் மூஞ்சி மாறாதுன்னா. வளப்பு நல்ல வளப்புன்னு நெனச்சிகினேன்.”

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்பார்கள். சின்னப் பையன்களையும் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார்கள். தீபா அப்படிக் கூப்பிட்டது ஒரு புரோகிராமை. செஸ் ஆடும் புரோகிராம். நான் எழுதியது. அதைச் சொன்னேன்.

குமரவேல் முதலில் புரியாமல் விழித்தான். பிறகு அலமாரி மேல் இருந்த லேப்டாப்பைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான்.

“யம்மா, பதினஞ்சு இன்ச்சு பையனுக்கு எட்டு வயசு சட்ட தொளதொளன்னு இருக்கும்மா.”

அத்தை அவன் மொட்டைத் தலையில் ஒன்று வைத்தாள். சந்தனம் அவள் கையில் ஒட்டியது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்த பிறகும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அதைக் காட்டுங்கள் என்றாள்.

தீபா போன பிறகு அந்த லேப்டாப்பைத் திறக்கவில்லை. காலேஜ் வேலைக்கு வேறு ஒன்று இருக்கிறது. எடுத்துத் துடைத்தேன். சார்ஜ் அறவே இல்லை. வயரைச் செருகிவிட்டுக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அத்தைக்கு அது என்ன என்று சொன்னேன்.

மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த வருடம் ஆரம்பித்தது. தீபா ஆர்.கே.பேட்டையில் படித்தபோது மாவட்டப் போட்டி வரை போய் ஆடியவள். பார்மசி படித்துவிட்டு இங்கே பஜாரில் மருந்துக் கடையில் வேலை செய்தாள். சாயங்காலம் ஆட ஆள் வேண்டும் என்றாள். எனக்குக் காய் நகர்த்தத் தெரியும், ஆடத் தெரியாது. என்னோடு இரண்டு நாள் ஆடிப் பார்த்துவிட்டு, உங்களோடு ஆடுவதும் சுவரோடு ஆடுவதும் ஒன்று என்றாள். சுவரையாவது ஆடப் பழக்கலாம் என்று நான் அந்த புரோகிராமை எழுதினேன்.

கடையில் கிடைப்பது போன்ற செஸ் இல்லை அது. விதிகளை மட்டும் சொன்னேன். எந்தக் காய் எப்படிப் போகும், எப்போது செக், எப்போது ஆட்டம் முடியும், அவ்வளவுதான். எது நல்ல ஆட்டம் என்று சொல்லவில்லை. ஆடி ஆடித் தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் கண்ட கட்டத்தில் கண்ட காயை வைக்கும். தீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எங்க ஊர் டாஸ்மாக்கிலிருந்து இறங்கி வருகிறவர்கள் இப்படித்தான் நடப்பார்கள் என்பாள். நைனா என்ற பேர் அந்த வாரமே வந்துவிட்டது. டேய் நைனா, ராணிய ஏன்டா ரோட்ல வுட்ட என்று திரையைப் பார்த்துத் திட்டுவாள். சமையலறையில் நிற்கும் எனக்கு, வீட்டில் மூன்றாவது ஆள் இருப்பது போலிருக்கும்.

லேப்டாப்புக்கு உயிர் வந்தது. புரோகிராமைத் திறந்தேன். குமரவேலை ஆடச் சொன்னேன். அவனுக்கு ஓரளவு தெரியும், அக்காவிடம் சின்ன வயதில் தோற்றுத் தோற்றுக் கற்றது. கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் வேகமாக நகர்த்தினான். பிறகு மெதுவாக. பிறகு மொட்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனுடைய யானை போயிற்று, குதிரை போயிற்று. கடைசியில் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது.

அவன் விளையாட்டில் அத்தையின் கவனம் இல்லை. திரையின் ஓரத்தில் எண்கள் மாறிக்கொண்டிருப்பதையே பார்த்தாள். இத்தனையும் தீபா சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டாள்.

அவள் என்ன எதிர்பார்த்துக் கேட்கிறாள் என்று தெரிந்தது. இல்லை என்றேன். தீபா ஆடினாள், இது தோற்றது, தோற்றுத் தோற்றுத் தானாகக் கற்றது. உள்ளே இருப்பவை எண்கள். அவள் ஆடுவது போலக்கூட இது ஆடாது. அவள் குதிரையை முதலில் எடுப்பாள், இது அந்தக் குதிரைக்கு எதிராக ஆடிப் பழகியது.

அத்தை தலையாட்டினாள். மேஜையிலிருந்த சட்டையை எடுத்துத் திரும்பக் கவரில் போட்டாள்.

“அப்போ அவ ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல.”

அந்தக் குரல் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒன்று சொல்லிக் கொடுத்தாள் என்றேன். நைனாவுக்கு இல்லை, எனக்கு.

அதைக் கணக்கு இல்லாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். காலேஜில் பிள்ளைகளுக்குச் சொல்லும் விதத்திலேயே சொன்னேன்.

ஒரு ஆட்டத்தில் பல நகர்வுகள். எது நல்ல நகர்வு, எது கெட்டது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஜெயித்தோமா தோற்றோமா என்பது மட்டும். அதனால் நான் இப்படி எழுதியிருந்தேன்: ஆட்டம் முடிந்ததும், முடிவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போ. ஜெயித்தால் அந்த ஆட்டத்தின் எல்லா நகர்வுக்கும் நல்ல மார்க். தோற்றால் எல்லாவற்றுக்கும் கெட்ட மார்க். அடுத்த ஆட்டத்தில் நல்ல மார்க் வாங்கியதைத் தேடிப் போ.

ஒருநாள் நைனா முதல் தடவையாக ஒழுங்காக ஆடியது. நடுக்கட்டங்களைப் பிடித்தது, காய்களை வெளியே கொண்டுவந்தது, ராஜாவைப் பத்திரமாக ஒதுக்கியது. தீபா நிமிர்ந்து உட்கார்ந்து ஆட வேண்டியதாயிற்று. அவள் தோற்கும் நிலைமை. அந்த நேரத்தில் அது ராணியைக் கொண்டுபோய் அவள் சிப்பாய் முன்னால் வைத்தது. நாலு நகர்வில் ஆட்டம் முடிந்தது.

மறுநாள் ஆடினால் அது பழைய குடிகாரனாகிவிட்டது. முந்தைய நாள் ஆடிய நல்ல நகர்வு ஒன்றுகூட வரவில்லை. தீபா என்னைக் கூப்பிட்டாள்.

“நேத்து நல்லாத்தான ஆடினான்? அதெல்லாம் எங்க போச்சு?”

நேற்று தோற்றது, அதனால் நேற்று ஆடியது எல்லாவற்றுக்கும் கெட்ட மார்க் விழுந்திருக்கும் என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். மருந்துக் கடையில் யாராவது சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டால் வருகிற கோபம்.

“ராணிய வெச்சதுதான தப்பு? அதுக்கு மொதல்ல ஆடினது இன்னா பண்ணுச்சு? அதையும் சேத்து ஏன் அடிக்கிறீங்க?”

நான் விளக்கினேன். லட்சக்கணக்கில் ஆடினால் இதெல்லாம் தானாகச் சரியாகும். நல்ல நகர்வு பல ஆட்டங்களில் வரும், அதில் பாதிக்கு மேல் ஜெயிக்கும், சராசரியில் நல்ல மார்க் நிற்கும். இது தெரிந்த வழிதான், எல்லோரும் செய்வதுதான் என்றேன்.

“லட்சம் ஆட்டம் யாருகூட ஆடும்? எங்கூடத்தான ஆடுது? நான் ஒரு நாளைக்கி ஒரு ஆட்டம் ஆடுவேன். நாலு ரொட்டி சுட்டுட்டு வந்து ஆடறேன். எனக்கு ஏத்த மாதிரி மாத்துங்க.”

மாற்றினேன். அதற்கும் வழி இருக்கிறது. கடைசி வரை காத்திருக்காமல், ஒவ்வொரு நிலைமையையும் அதற்கு அடுத்து வந்த இரண்டு மூன்று நிலைமைகளோடு ஒப்பிட்டு மார்க் போட வேண்டும். நகர்த்தியபின் கொஞ்சம் மேலே போனோமா, கீழே இறங்கினோமா? அதை அங்கேயே குறித்துக்கொள். முடிவு கடைசி நகர்வுகளை மட்டும் தொடட்டும். ஆரம்பத்துக்கு அது மெதுவாக, குறைவாக வந்து சேரட்டும்.

எழுதி முடிக்கச் சில வாரம் பிடித்தது. அதன் பிறகு நைனா தோற்ற ஆட்டத்திலிருந்தும் நல்லதை எடுத்துக்கொண்டது. அடுத்த மழைக்காலத்தில் தீபாவை முதல் தடவை ஜெயித்தது. அவள் தோற்றுவிட்டு, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். காரணம் கேட்டவர்களிடம் நைனா பாஸாகிவிட்டான் என்றாள். அவர்களும் ஏதோ பையன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சொல்லி முடித்தேன். ஒரு வருடத்தில் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். குமரவேல் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தை சட்டைக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே யாரோ மைக்கில் காணாமல் போன பெரியவர் ஒருவரின் பேரைத் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“கடைசிய வெச்சி மொத்தத்துக்கும் மார்க் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

ஆமாம் என்றேன்.

“நெசமாவே அவதான் சொன்னாளா? நீங்க எனக்காகச் சொல்லலியே?”

அவள்தான் என்றேன்.

அத்தை குமரவேல் பக்கம் திரும்பினாள். பிரஸ்காரனுக்குப் போன் போடச் சொன்னாள். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள். எந்த வரி என்றான் அவன்.

“முருகா வரி.”

“இன்னாம்மா நீ? ஊரே சொல்லுது.”

“ஊரா பக்கத்துல இருந்துது? இவருதான இருந்தாரு. இந்த ஒரு வருஷத்துல இவரு வாயால அத நீ கேட்டியா? நான் கேக்கல.”

குமரவேல் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அத்தை குரலை உயர்த்தவில்லை. தீபா செருப்பைக் காணவில்லை என்றால் முருகா என்பாள், பஸ் போய்விட்டால் முருகா என்பாள், உடம்பு நோகும்போது சாமியைக் கூப்பிட்ட பெண் இல்லை என்றாள். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரைத்தான் திட்டினாளாம். அந்த வரி இல்லாவிட்டால் அந்த இடத்தில் என்ன போடுவது என்று குமரவேல் கேட்டான். ஒன்றும் வேண்டாம், பேரும் தேதியும் போதும் என்றாள். அவன் வெளியே போய்ப் போனில் பேசினான். கூட்டத்தின் இரைச்சலையும் மீறி அவன் குரல் கேட்டது. எடுத்துடுங்க, ஆங், மொத்தமா, காலியாவே வுட்டுடுங்க.

அவன் திரும்பி வந்து உட்காரும் வரை அத்தை காத்திருந்தாள்.

“இப்போ சொல்லுங்க மாப்பிள்ள. நல்லதோ கெட்டதோ. என்னை வைஞ்சிருந்தாலும் பரவால்ல. நான் கேட்டுக்கறேன்.”

சொன்னேன்.

மத்தியானம். டெங்கு காய்ச்சல், ஆஸ்பத்திரியில் அவளுக்கு நாலாம் நாள். முந்தைய தினம் ரத்தத்தில் தட்டணுக்கள் ஏறியிருக்கின்றன என்று சொன்னதால் அத்தை ஊருக்குப் போயிருந்தாள். காலையில் எண்ணிக்கை மறுபடி இறங்கிவிட்டது. குமரவேல் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவரப் போயிருந்தான். அறையில் நாங்கள் இரண்டு பேர். கரண்ட் போய்விட்டது. கீழே ஜெனரேட்டரைப் போட்டார்கள், விளக்கு வந்தது, ஃபேன் வரவில்லை. அவள் கண்ணை மூடியே இருந்தாள். உடம்பு அனலாக இருந்தது. உதடு காய்ந்திருந்தது. ஸ்பூனால் தண்ணீர் விட்டேன், பாதி வழிந்தது. துடைத்தேன். பிறகு அவள் கையை என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் அப்படியே இருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே பேசினாள். பேச்சு தெளிவாக இருந்தது. கொஞ்சம் எரிச்சல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நர்ஸ் வந்தாள், டாக்டர் வந்தார், என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். தீபா கடைசியாகச் சொன்னது இதுதான்:

“கைய கொஞ்சம் எடுங்க. கசகசன்னு இருக்குது.”